உள்ளங்கையில் வட சென்னை: பிளாக் மாடல் கட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெகோ மாதிரி பிளாஸ்டிக் பிளாக்குகளை வைத்து ராயபுரம் ஸ்டேஷன், திருவொற்றியூர் கோபுரம், காசிமேட்டுப் படகு என்று நம்ம பக்கத்துச் சமாசாரங்களைக் கைக்கு அடக்கமாகக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. தண்டையார்பேட்டையில் என் வீட்டு அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்டவர்கள்தான் பெரும்பாலும்.

மைக்ரோ ஸ்கேல் என்கிறார்களே, எவ்வளவு சின்னது அது?

லெகோ செட்டில் வருகிற பொம்மை ஆள் சுமார் 4 செ.மீ. உயரம். அவன் வாசலில் நுழைகிற மாதிரி வீடு கட்டினால் அளவு ஏறக்குறைய 1:42 வரும். அவனால் நுழையவே முடியாது என்கிற அளவுக்குச் சுருக்கிவிட்டால் அதெல்லாம் மைக்ரோ. 1:100 என்றாலும் மைக்ரோதான், 1:1000 என்றாலும் மைக்ரோதான். இதற்கு யாரும் கோடு போட்டு வைக்கவில்லை.

நேனோபிளாக் என்று கடைகளில் பார்ப்பது வேறு சாமான். ஜப்பானின் கவாடா கம்பெனி 2008-இல் கொண்டுவந்தது, அதில் மிகச் சின்ன பீஸ் 4×4×5 மி.மீ. லெகோ பீஸோடு அது சேராது. இங்கே சொல்வதெல்லாம் சாதாரண லெகோ அளவு பீஸை வைத்து.

பெரிதாகக் கட்டினால்தானே கெத்து?

கெத்துதான், வைக்க இடம் இருந்தால். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த பழைய பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 21.3 மீட்டர். பொம்மை ஆள் அளவில் கட்டினால் ஒரு பெட்டியே அரை மீட்டர் வரும். பத்துப் பெட்டி சேர்த்தால் ஐந்து மீட்டர், நம்ம பக்கத்து வீடுகளில் வாசலிலிருந்து அடுப்படி வரை ரயில் நிற்கும். அதே பெட்டி 1:200-இல் பத்தரை சென்டிமீட்டர் சொச்சம்.

செலவுக் கணக்கும் உண்டு. அளவைப் பாதியாக்கினால் நீளம் பாதி, ஆனால் சுவர் பரப்பு நாலில் ஒன்று, கெட்டியாக நிரப்பிக் கட்டினால் பீஸ் எட்டில் ஒன்றுதான். பீஸுக்குப் பீஸ் காசு கொடுத்து வாங்குகிற நமக்கு இதைவிட நல்ல தள்ளுபடி எந்தக் கடையிலும் கிடைக்காது.

மனப்பாடம் பண்ண வேண்டிய அளவு எது எது?

நாலே நாலு. பீஸின் தலையில் இருக்கிற குமிழுக்கு ஸ்டட் என்று பெயர். ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட்டுக்கு 8 மி.மீ. பிரிக் ஒன்றின் உயரம் 9.6 மி.மீ. தட்டையான பிளேட் 3.2 மி.மீ., அதாவது மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு பிரிக். நாலாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மி.மீ., அது சரியாக இரண்டு ஸ்டட் அகலம். பீஸைப் பக்கவாட்டில் திருப்பிச் சொருகிக் கட்டும் வித்தை முழுக்க இந்த ஐந்துக்கு இரண்டு கணக்கில்தான் நிற்கிறது.

1:200 அளவில் இதை மீட்டருக்கு மாற்றினால் ஒரு ஸ்டட் 1.6 மீட்டர், ஒரு பிளேட் 64 செ.மீ., ஒரு பிரிக் 1.92 மீட்டர். வீட்டு மாடி ஒன்று ஐந்து பிளேட்டுக்குள் அடங்கும். 1:400-இல் ஒரு பிரிக்கே ஒரு மாடி ஆகிவிடும், கொஞ்சம் தாராளமான மாடி.

எந்த அளவில் கட்டுவது என்று எப்படி முடிவு செய்வது?

எல்லோரும் கட்டடத்தின் நீளத்தை எடுத்து, கையில் இருக்கிற பேஸ் பிளேட்டுக்குள், அதாவது அடித்தட்டுக்குள், அடங்குகிற மாதிரி வகுத்து ஆரம்பிக்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். அந்தக் கட்டடத்தில் எதை விட்டால் அடையாளமே போய்விடும் என்று முதலில் பாருங்கள். அந்த ஒன்றைக் காட்டக்கூடிய மிகச் சின்ன பீஸ் எது என்று தேடுங்கள். அந்த பீஸின் அளவே உங்கள் ஸ்கேல். மீதியெல்லாம் அதன் பின்னால் வரட்டும்.

ரயில் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.எஃப். பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர். அதை இரண்டு ஸ்டட் என்று வைத்தால் 1:203 வருகிறது, 1:200 என்றே வைத்துக்கொள்ளலாம். நீளம் 13 ஸ்டட். உயரம் தண்டவாளத்திலிருந்து நாலு மீட்டர், அதாவது ஆறு பிளேட்: அடியில் சக்கரத்துக்குக் கறுப்பு ஒன்று, நீலம் இரண்டு, ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி நிறத்தில் ஒன்று, மேலே நீலம் ஒன்று, கூரைக்குச் சாம்பல் டைல் (தலையில் ஸ்டட் இல்லாத வழவழப்பான பிளேட்) ஒன்று. இதில் எனக்குப் பிடித்த இடம் தண்டவாளம். நம்ம அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 200-ஆல் வகுத்தால் 8.4 மி.மீ., ஏறக்குறைய ஒரு ஸ்டட். லெகோ செய்கிற டென்மார்க்காரன் நம்ம ரயில்வேயைக் கேட்டு அளவு வைத்த மாதிரி பொருந்துகிறது. வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜ் 1,435 மி.மீ., அவர்களுக்கு இந்த வசதி இந்த அளவில் இல்லை.

அந்த நீலப் பெட்டி ரகத்தை 2018-இல் ஐ.சி.எஃப். நிறுத்திவிட்டது. 1955-இல் தொடங்கிய தொழிற்சாலை. இப்போது வந்தே பாரத் செய்கிறார்கள், அதன் மூக்குக்கு வளைந்த ஸ்லோப், அதாவது சரிவான பீஸ், வேண்டும். முதலில் பழசைக் கட்டிப் பழகுங்கள், செங்கல் மாதிரி சதுரமான பெட்டி, யாருக்கும் வரும். பழைய பெட்டியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் ஐ.சி.எஃப். பக்கம் ரயில் மியூசியம் இருக்கிறது.

ராயபுரம் ஸ்டேஷன் கட்டணும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

தூணிலிருந்து. 1856-இல் திறந்த ஸ்டேஷன் அது. அந்த ஜூலை 1-ஆம் தேதி வாலாஜா ரோடு வரை ரயில் விட்டார்கள். பம்பாயிலும் தாணேயிலும் அதற்கு முன்னால் கட்டிய கட்டடங்கள் இப்போது இல்லாததால், நாட்டில் இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் மூத்தது இதுதான். நீண்டு தாழ்ந்த சிவப்பு உடம்பு, முன்னால் வெள்ளைத் தூண்கள். தூண் சரியாக அமைந்தால் மற்றது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ராயபுரத்துக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

முதலில் எல்லோர் கையும் போவது 1×1 உருண்டை பிரிக்குக்குத்தான். அது 8 மி.மீ. தடிமன், 1:200-இல் 1.6 மீட்டர் குண்டுத் தூண். பழைய கட்டடத்துத் தூணை இரண்டடி தடிமன் என்று வைத்துக்கொண்டால், உருண்டை பிரிக் பொருந்துவது 1:76 அளவில்தான். அந்த அளவில் நூறு மீட்டர் முகப்பு 1.3 மீட்டர் நீளத்துக்குப் போகும். அதைத் தூக்கி எங்கே வைப்பது?

பதில், பார் என்று சொல்கிற குச்சி பீஸ். 3.2 மி.மீ. தடிமன், 1:200-இல் 64 செ.மீ., இரண்டடிக்கு ஒரு விரல் கூட. ஸ்டார் வார்ஸ் செட்டில் ஒளிவாளாக வருகிற நீளக் குச்சியும் இதே ரகம்தான், நாலு ஸ்டட் நீளம். நடுவில் ஓட்டை உள்ள ஸ்டட்டுக்குள் இது சரியாக இறங்கும். ஜம்பர் என்று ஒரு பிளேட் உண்டு: 1×2 அளவு, ஆனால் ஸ்டட் ஒன்றே ஒன்று, அதுவும் நட்ட நடுவில், ஓட்டையோடு. ஜம்பர்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் தூணுக்குத் தூண் 3.2 மீட்டர் இடைவெளி தானாக விழும். குச்சியைச் சொருகிவிட்டு ஒரு தடவை கீழே குனிந்து பக்கவாட்டில் பாருங்கள், ஒன்றிரண்டு சாய்ந்து நிற்கும். கையால் நிமிர்த்தி நேரம் கழிக்காதீர்கள். மேலேயும் ஒரு ஜம்பர் வரிசையைக் கவிழ்த்தாற்போல் பிடித்துக்கொள்ள முடியாது என்பதால், குச்சியின் தலைக்கு ஓட்டை உள்ள 1×1 உருண்டை பிளேட்டை மாட்டி அதன் மேல் உத்தரத்தை உட்கார வைக்க வேண்டும். உத்தரம் ஏறியதும் எல்லாத் தூணும் நேராகிவிடும்.

ஜன்னல், கைப்பிடிச் சுவர், பெயர்ப் பலகை எல்லாம் அதற்கப்புறம். சிலதை விட்டுவிடவும் நேரும். பெயர்ப் பலகைக்கு மஞ்சள் 1×2 டைல் ஒன்று போதும், எழுத்து வேண்டாம்.

கோபுரம் முடியுமா? இல்லை, பிரமிடு மாதிரி வந்துவிடுமா?

பிரிக்கைப் பிரிக் மேல் ஒரு ஸ்டட் உள்ளே தள்ளி அடுக்கினால் பிரமிடுதான் வரும், எகிப்துக்குப் போய்விடுவோம். கோபுரம் அவ்வளவு வேகமாகக் குறுகாது. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் இருப்பது ஐந்து நிலை. நிலைக்கு நிலை இரண்டு பக்கமும் அரை ஸ்டட், அதாவது 4 மி.மீ. உள்ளே போனால் போதும். அந்த அரை ஸ்டட்டைத் தருவதும் ஜம்பர்தான்.

நான் வைக்கிற கணக்கு இது. அடி நிலை 9×6 ஸ்டட், அடுத்து 8×5, 7×4, 6×3, கடைசி 5×2. ஒற்றைப்படை மேல் இரட்டைப்படை மாறி மாறி வருகிறது, பாருங்கள், அதனால் ஒவ்வொரு நிலைக்கு நடுவிலும் ஜம்பர் இல்லாமல் மேல் நிலையை நடுவில் உட்கார வைக்கவே முடியாது. அடியில் ஒன்பது வைப்பதற்குக் காரணம் வாசல், ஒற்றைப்படை இருந்தால்தான் வாசல் நடுவில் விழும். உச்சியில் ஐந்து ஜம்பரைக் குறுக்காக வைத்தால் நடுக்கோட்டில் ஐந்து ஸ்டட் வரிசையாக நிற்கும். ஐந்து நிலைக்கு ஐந்து கலசம். மஞ்சள் ஜம்பராக இருந்தால் ஸ்டட்டே கலசம், தனியாக ஒன்றும் வைக்க வேண்டாம். தங்க நிற உருண்டை பிளேட் கிடைத்தால் மேலே ஏற்றுங்கள், எடுப்பாக இருக்கும்.

நிறத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுதைச் சிற்பம் பல வண்ணம் என்பதற்காக இந்தச் சின்ன அளவில் பத்து நிறம் கொட்டினால் மிட்டாய்க்கடை. அடியில் கல் பகுதிக்குச் சாம்பல், மேலே சந்தன நிறம், அங்கங்கே நீலமோ சிவப்போ ஒற்றை பீஸ். சிற்பத்துக்குப் பதிலாக வரி வரியாக இருக்கிற கிரில் டைலைப் பக்கவாட்டில் ஒட்ட வையுங்கள். கண் மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்ளும்.

காசிமேட்டுப் படகு?

ஐம்பது அடி விசைப்படகு 1:200-இல் ஒன்பதரை ஸ்டட், அகலம் மூன்று. முன்பக்கத்துக்கு இடது வலது இரண்டு ஆப்பு பிளேட், பின்பக்கம் கேபினுக்கு ஒரு 2×2, அதன் தலையில் ஒரு குச்சி. பத்து நிமிட வேலை.

ஆனால் ஒரு படகை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது காசிமேடு ஆகாது. காசிமேடு என்றால் நெரிசல், படகுக்குப் படகு உரசிக்கொண்டு, தண்ணீரே தெரியாமல், குச்சிக் காடு. ஆகவே அளவை 1:400-க்கு இறக்கி, நாலைந்து ஸ்டட் நீளத்தில் சுமாராக முப்பது படகு கட்டி நெருக்கி வைப்பதே மேல் என்பது என் கட்சி. அச்சு அசலாக எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் செயற்கையாகத் தெரியும், கேபின் நிறத்தையும் குச்சி உயரத்தையும் மட்டும் மாற்றுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் போங்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்.

ஆளே வைக்க முடியாதா?

வைக்கலாம். 1×1 உருண்டை பிளேட் இரண்டை அடுக்கினால் மேல் ஸ்டட்டோடு 8.1 மி.மீ., 1:200-இல் 1.62 மீட்டர். கச்சிதமான ஆள். கீழே வெள்ளை, மேலே வேறு நிறம் என்றால் வேட்டி சட்டை. ஆட்டோவுக்குக் கறுப்பு 1×1 பிளேட் மேல் ஒரு மஞ்சள் சீஸ் ஸ்லோப், சீஸ் துண்டு மாதிரி இருக்கிற குட்டிச் சரிவு பீஸ்.

பீஸ் எங்கே கிடைக்கும்?

பெரிய மால் கடைகளில் செட்டாகத்தான் கிடைக்கும், உதிரியாகக் கிடைக்காது. பாரிமுனையிலிருந்து சவுகார்பேட்டை வரைக்கும், ஈவினிங் பஜார் பக்கம், பொம்மை மொத்த வியாபாரம் இருக்கிறது, அங்கே லெகோ அளவுக்கே பொருந்துகிற மற்ற கம்பெனி பிளாக்குகள் விலை குறைவாகக் கிடைக்கும். காலையில் போங்கள், சாயங்காலம் லோடு வண்டிக்கு நடுவில் நிற்கக்கூட முடியாது. டப்பாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்: 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஒரிஜினல் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் வரி. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70.

மைக்ரோவுக்கு எடுத்த எடுப்பில் பெரிய பிரிக் வாங்காதீர்கள். வேண்டியது பொடி பீஸ்: 1×1, 1×2 பிளேட், ஜம்பர், கிரில் டைல், சீஸ் ஸ்லோப், பக்கத்தில் ஸ்டட் உள்ள 1×1 பிரிக். செட் வாங்குவதாக இருந்தால் டப்பாப் படத்தைப் பார்க்காமல் இந்தப் பொடி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பல சமயம் அழகில்லாத செட்டில்தான் நல்ல பீஸ் இருக்கும்.

மற்ற கம்பெனி பீஸைக் கலக்கலாமா? அது டூப்ளிகேட் இல்லையா?

பொருந்துகிற பிளாக் வேறு, போலி வேறு. இன்றைய பிளாக் வடிவத்துக்கு லெகோ 1958 ஜனவரி 28-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. அது காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது. பிளாக்கின் வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள், 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதையும் மறுத்துவிட்டது. ஆகவே யாரும் பிளாக் செய்யலாம். லெகோ பெயரைப் போட்டு விற்றால் அது போலி, அதை வாங்காதீர்கள்.

கலப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிடிப்பில் மட்டும் வித்தியாசம் தெரியும். பாரம் தாங்குகிற அடியில் நல்ல பிடிப்புள்ளதை வையுங்கள், மேலே அலங்காரத்துக்கு மற்றது. நிறத்தில் சிவப்பு ஓரளவு ஒத்துப்போகும், சாம்பலும் சந்தன நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே சுவரில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

பசை போட்டு ஒட்டிவிடலாமா?

வேண்டாம். அடுத்த மாடலுக்கு அந்த ஜம்பர் வேண்டும்.

கம்ப்யூட்டரில் முதலில் கட்டிப் பார்க்க ஏதாவது உண்டா?

ஸ்டூடியோ என்று, லெகோ உதிரி விற்கிற இணையச் சந்தையான பிரிக்லிங்க் தருகிற மென்பொருள் இலவசம். 2019 முதல் பிரிக்லிங்க் லெகோவின் கையில். அதற்கெல்லாம் முன்னோடி எல்-டிரா, 1995-இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்கிற ஆஸ்திரேலியர் எழுதியது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. திரையில் கட்டும்போது ஒன்றில் கவனம் வேண்டும். எந்த பீஸுக்கும் எந்த நிறமும் திரையில் அடிக்கலாம், ஆனால் அந்த நிறத்தில் அந்த பீஸ் உலகத்தில் வந்தே இருக்காது. சிவப்புச் சுவரை முடித்துவிட்டு, பீஸ் பட்டியலை எடுத்துக்கொண்டு அலையும்போதுதான் அது தெரியும்.

வெயில், உப்புக் காத்து, சாம்பல் இதெல்லாம் என்ன செய்யும்?

பிளாஸ்டிக்குக்கு உப்புக் காத்து ஒன்றும் செய்யாது. 1963-லிருந்து லெகோ பிளாக் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில்தான் வருகிறது, கெட்டியான சரக்கு. அதற்கு எமன் வெயில். ஜன்னலோரம் வைத்தால் வெள்ளையும் சாம்பலும் பழுத்துப் போகும். ராயபுரம் தூணுக்கு வெள்ளை வாங்கிவிட்டுக் கிழக்கு ஜன்னலில் வைக்காதீர்கள்.

தூசி இன்னொரு தொல்லை. எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலையில் துடைத்த மேஜை சாயங்காலம் விரலால் கோலம் போடலாம். மைக்ரோவில் ஓட்டை இடுக்கு அதிகம், துணியால் துடைத்தால் பொடி பீஸ் கையோடு வந்துவிடும். மேக்கப் பிரஷ் நல்லது, முடி மிருதுவாக இருக்க வேண்டும். தண்ணீரில் அலசுவதாக இருந்தால் கழற்றிப் போட்டு, 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீரில், சோப்பு கொஞ்சம் விட்டு அலசி நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வேண்டாம். கண்ணாடி மூடி வைத்த பெட்டி இருந்தால் இந்த வேலையே மிச்சம்.

வீட்டில் ரெண்டு வயசுக் குழந்தை இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். மைக்ரோவில் புழங்குவது எல்லாமே தொண்டையில் சிக்குகிற அளவு பீஸ். மூன்று வயது தாண்டும் வரை உயரத்தில், மூடி போட்ட டப்பாவில். கட்டி முடித்ததும் தரையில் ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பினது கைக்குத் தப்பாது.

கட்டியதை பஸ்ஸில் எடுத்துப் போவது எப்படி?

16×16 பிளேட் மேல் கட்டினால் 12.8 செ.மீ. சதுரம்தான். பழைய ஸ்வீட் டப்பாவில் அடங்கும், உயரம் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றி டிஷ்யூ பேப்பர் அடைக்க வேண்டாம், எடுக்கும்போது கொக்கி போட்டுக் குச்சித் தூணை இழுத்துவிடும். அதற்குப் பதில், டப்பா அடியில் நாலு 2×4 பிளேட்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, அதன் மேலேயே மாடலை அழுத்தி நிறுத்துங்கள். கோபுரத்தின் உச்சி ஜம்பர் வரிசையைத் தனியாகக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் போகிற இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். காலை எட்டரை மணிக்கு அந்தக் கூட்டத்தில் பஸ் ஏறுவதைவிட மெட்ரோ மேல், விம்கோ நகர் வரைக்கும் இருக்கிறது.